பரீனாவும் கட்டம் போட்ட சட்டையும்

வெறும் பால்மா டின்னைக் காதோரம் வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறாள் பரீனா. சத்தம் பிடித்தால் டின் வலப்பக்கம் போகும், பிடிக்காவிட்டால் இடப்பக்கம். வலப்பக்கத்து டின்கள் பூச்சாடியாகவோ பேனைக்கூடாகவோ மாறும். இடப்பக்கத்து டின்களையும் அவள் எறிவதில்லை. கொஞ்ச நாள் காத்துக் கிடக்கும், அவ்வளவுதான். சத்தத்தில் என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

"துரு ஏறின டின் சளி புடிச்ச ஆள் மாதிரிக் கதைக்கும் ராத்தா" என்றாள். அக்காவுக்கு இந்தப் பக்கம் ராத்தா.

சாய்ந்தமருதில் கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை இப்பால் அவளுடைய வீடு. மதிலோரம் வரிசையாகத் தயிர் முட்டிகள். ஒவ்வொன்றிலும் பொன்னாங்காணி. கிழிந்த மீன்வலையில் பாகற்கொடி ஏறி நிற்கிறது. யூரியா பேக்கை உட்புறம் வெளியே வரத் திருப்பித் தைத்த பையோடுதான் கல்முனைச் சந்தைக்குப் போவாள். கணவர் நூஹு ஓட்டோ ஓட்டுகிறார். தன்னுடைய பழைய தொப்பியை அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டுத்தான் வெளியே போவாராம். "கீழ வெச்சா, வரக்குள்ள அது வேற ஒண்டா நிக்கும்" என்று என்னிடம் முறையிட்டார். பரீனா அலுமாரியின் உச்சியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

பேஸ்புக்கில் அவளுடைய பெயர் "பரீனாட கை". புரொபைல் படத்திலும் கைதான். பாதி அழிந்த மருதோன்றியோடு இரண்டு கைகள், வாய் உடைந்த தயிர் முட்டி ஒன்றை ஏந்தியிருக்கின்றன. முகம் எந்த வீடியோவிலும் வராது. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "முகம் இரிந்தா எந்த ஊர், ஆர்ர மகள் எண்டு கேட்டுக்கிட்டு இரிப்பாங்க. கையிட்ட அதெல்லாம் கேக்கேலா" என்பது அவள் கணக்கு.

ஊரில் வீட்டிலிருந்தபடி வியாபாரம் செய்கிற பெண்களுக்குப் புரொபைல் படம் எடுத்துக் கொடுப்பதும் அவள்தான். பால்மா பக்கற்றின் வெள்ளி நிற உட்புறத்தை அட்டையில் ஒட்டி வைத்திருக்கிறாள். யன்னல் வெளிச்சத்தை அதில் வாங்கிப் பொருளின் மேல் விழச் செய்வாள். ஷம்பூ போத்தலை வெட்டிச் செய்த தாங்கியில் போன் நிற்கும். பின்னால் வெள்ளைப் பழஞ்சீலை. அவர்களில் ஒருத்தியான ஹிமாயாவின் வட்டிலப்பம் என்ற இனிப்பு இந்த ஏற்பாட்டில் நின்றபோது கொழும்புக் கடைப் பண்டம் போலிருந்தது. ஹிமாயாவே ஒரு நிமிடம் அடையாளம் தெரியாமல் பார்த்தாள்.

பரீனாவுடைய வீடியோக்களில் லட்சம் பேருக்கு மேல் பார்த்தது ஒன்றே ஒன்று. ஆண்கள் சட்டையில் குஷன் உறை தைக்கும் முறை. சட்டையின் முன்னும் பின்னும் சேர்ந்தபடி சதுரமாக வெட்டி நாலு பக்கமும் அடித்துவிட்டால் வேலை முடிந்தது. பொத்தான் வரிசையே உறையின் வாயாகிவிடும். ஸிப் வாங்கத் தேவையில்லை. நீலக் கட்டம் போட்ட, நிறம் நரைத்த சட்டை அது. பொக்கட்டின் அடியில் மைக்கறை இருந்தது. பொக்கட்டைப் பிரித்துத் திருப்பித் தைத்துக்கொண்டே வீடியோவில் சொல்வாள்: "இந்தக் கறைக்குக் கவலப்படாதீங்க. உள்பக்கம் போயிட்டா ஆருக்கும் தெரியா."

அந்தச் சட்டை பின் வளவு வீட்டிலிருந்து, சுபைறா மாமியின் மருமகள் கொடுத்த துணிப்பையில் வந்தது. எந்த வீட்டுப் பை என்று பரீனாவுக்குத் தெரியும். யாருடைய சட்டை என்று அவள் கேட்கவில்லை. மாமியின் கணவர் அதாவுல்லா மாமா மௌத்தாகி, சுபைறா மாமி நாலு மாதமும் பத்து நாளும் வெளியே இறங்காமல் இத்தாவில் இருந்த நாட்கள் அவை.

இத்தா முடிந்து மாமி முதன்முதலாக வெளியே இறங்கி வந்தது பரீனாவின் வீட்டுக்குத்தான். வெறும் டின்கள் சிலவற்றைக் கொடுப்பதற்காக நானும் அன்று அங்கே போயிருந்தேன். மாமி உட்காரவில்லை.

"மகள், அந்தக் குஷன் இங்கதான் இரிக்கா?"

"எந்தக் குஷன் மாமி?"

"கட்டம் போட்டது. போன்ல காட்டினாயே."

பரீனா நாற்காலியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மாமி அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பொக்கட்டைத் தடவிப் பார்த்தார்.

"மை எங்க?"

"அது உள்பக்கம் போயிட்டு மாமி…" என்று தொடங்கிய பரீனாவுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் மாறிவிட்டது. "மாமாட சேட்டா இது?"

"ஓம். பேனைய மூடாமப் பொக்கட்டில போட்டுக்கிட்டுச் சவளக்கடைப் பக்கம் நெல்லு நிறுக்கப் போவாரு. அந்த மைக்காக நான் அவருக்கு ஏசாத ஏச்சில்ல."

"அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கங்க மாமி. எனக்குத் தெரியா."

"உன்னில குத்தமில்ல. மருமகளிலயும் இல்ல. நல்ல உடுப்பெல்லாம் ஏழைகளுக்கு ஸதக்காவாப் போயிட்டு. இது நரைச்ச சேட்டுத்தானே, ஆரு உடுக்கிற?"

"வீடியோவ இப்பவே அழிச்சிர்றன்" என்று பரீனா போனை எடுத்தாள்.

"வாணாம்!" மாமியின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "வெட்ட முந்தி அத விரிச்சிக் காட்டினாய் பாரு, அந்த இடத்தத்தான் நான் பாக்கிற. கத்திரி வந்தோன்ன நிப்பாட்டிருவன்."

லட்சம் பார்வைகளில் எத்தனை அந்த ஒரு வீட்டு அறைக்குள்ளிருந்து வந்தவையோ. பரீனா போனைக் கீழே வைத்தாள். மாமி பொக்கட்டை மட்டும் கழற்றித் தரச் சொன்னார். மிச்சத்தை அவளே வைத்துக்கொள்ளட்டுமாம்.

"பொக்கட்ட மட்டும் தர ஏலா மாமி. கொஞ்ச நாள் தாங்க" என்றாள் பரீனா.

அவளிடம் யாரோ ஒருமுறை, வீடியோவுக்குக் கீழே, வெட்டிய துணியைப் பழையபடி ஆக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். அது என்ட வேலையில்ல என்று சிரிக்கும் பொம்மையோடு பதில் போட்டவள் இவள்தான். இப்போது குஷனைப் பிரிக்க உட்கார்ந்தாள். சட்டையின் ஒரு கை அவளுடைய குசினியிலேயே, அடுப்புக்குப் பக்கத்தில், ஷொப்பின் பேக் போட்டு வைக்கும் நீளப் பையாகத் தொங்கியது. மற்றக் கை தண்ணீர்ப் போத்தல் உறையாகி, நிந்தவூரில் முஸ்பிறா என்ற சிநேகிதியிடம் போயிருந்தது. நூஹு ஓட்டோவில் போய் வாங்கி வந்தார். அடிவிளிம்பு பாகற்கொடியைக் கட்டியிருந்தது. அதை அவிழ்த்துக் கழுவிக் காயப் போட்டாள். கழுத்துப் பட்டி துணிப் பெட்டிக்குள் கிடந்தது.

நான் இரண்டாம் முறை போனபோது பிழையாகத் தைத்த சட்டைக் கைகளை மறுபடி பிரித்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. "வெட்டக்குள்ள அஞ்சு நிமிஷம் போகல்ல ராத்தா" என்றாள். பொக்கட்டில் மட்டும் சவர்க்காரம் படவிடவில்லை. நூஹு வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இத வீடியோ எடுத்தா முந்தினத விட ஓடும்" என்றார்.

"ஊசியில நூலக் கோத்துத் தாங்க" என்றாள் பரீனா. போன் குசினியில் சார்ஜில் கிடந்தது. நூஹு நூலைக் கோத்துக் கொடுத்தார்.

மாமி வந்தபோது சட்டை மேசையில் விரிந்திருந்தது. தையல்கள் வயல் வரம்புகளைப் போலக் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. ஒரு சுற்றுக் குறுகியும் இருந்தது. ஆனால் கழுத்தும் கையும் பொக்கட்டும் இருந்தன. மைக்கறை வெளிப்பக்கம், இடது நெஞ்சுக்கு மேல். மாமி அந்த இடத்தில் கையை வைத்து, வைத்தபடியே நின்றார். அழவில்லை. "நெல்லுத் தூசி மணம் போயிட்டு" என்றார். "போகத்தானே செய்யும்."

மாமி கையை எடுத்ததும் பரீனா சட்டையை மடிப்பதற்காகப் பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு வந்தாள். கழுத்துப் பொத்தானையும் பூட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"இதப் பூட்டுவாரா மாமி?"

"இல்ல மகள். வேர்க்குமெண்டு எப்பவும் திறந்துதான் உடுவாரு."

பரீனா அந்தப் பொத்தானைக் கழற்றினாள். கழுத்துப் பட்டியைப் பெருவிரலால் இரண்டு பக்கமும் இலேசாக அகட்டிவிட்டாள். பிறகு மடித்தாள்.