கம்பெனி பஸ்ஸின் முதல் படி

"பாவம்" என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். என் மகளைப் பார்க்கிற எல்லோரும் அந்த ஒரு சொல்லை வாயில் தயாராக வைத்திருப்பார்கள். அவளுக்கு டவுன் சிண்ட்ரோம். பிறந்தபோதே தசைகளில் இறுக்கம் கிடையாது. தூக்கினால் ஈரத்துணி மாதிரி கையில் தொங்குவாள். பயந்தேன், அழுதேன், எல்லாம் உண்டு. ஆனால் பாவம் என்று மட்டும் அவளை ஒரு நாளும் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் நாங்கள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்தோம். கணவருக்கு அணு ஆராய்ச்சி ஆபீஸில் வேலை. திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நாங்கள். சென்னையில் அவளுக்கு பிசியோதெரபி கொடுத்த அம்மாள் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: "இதுக்கு மருந்து மாத்திரை கிடையாதும்மா. மணல்ல நடக்க விடுங்க, படி ஏற விடுங்க. தினமும் செஞ்சாத்தான் பலம் நிக்கும். விட்டா போயிடும்."

அன்றிலிருந்து சாயங்காலமானால் கடற்கரைதான். ஈர மணலில் யார் வேண்டுமானாலும் நடப்பார்கள். நான் அவளைச் சவுக்குத் தோப்புக்கு முன்னால் இருக்கும் காய்ந்த மணல் மேட்டில் ஏறச் சொல்வேன். ஓர் அடி ஏறினால் இரண்டடி சறுக்குவாள். பாதி மேட்டில் நின்று ஓவென்று அழுவாள். நான் மேலே போய் நின்றுகொண்டு, "வா, வா" என்பேனே தவிர, இறங்கிப் போய்க் கையைக் கொடுக்க மாட்டேன். மீன் கூடையோடு போகிற பெண்கள் நின்று என்னைத் திட்டுவார்கள். "இன்னாம்மா நீ, பெத்தவதானா? புள்ள இப்டி அழுவுது, கல்லாட்டம் பாத்துகினு நிக்கிற!" நான் சும்மா இருப்பேனா? "ஆமா, கல்லுதான். உங்க வேலையப் பாத்துக்கிட்டுப் போங்க" என்பேன். அவள் மூக்கை ஒழுகவிட்டபடியே ஏறி வந்து சேருவாள். அப்புறம் வீட்டுக்கு வந்து இருவரும் தோசை தின்போம்.

பத்து வயதுக்குள் பந்து பிடித்தாள். சட்டைப் பொத்தான் போட்டாள். சோற்றைப் பிசைந்து சிந்தாமல் வாயில் வைத்தாள். இதையெல்லாம் சாதனை என்று எழுதுவது மற்றவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள்.

கணவர் ஓய்வு பெற்றதும் செங்கல்பட்டில் ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். மகளுக்கு இருபது வயது நடந்துகொண்டிருந்தது. எங்கள் இருவருக்குப் பிறகு இவள் என்ன செய்வாள் என்ற கேள்வி, படுத்தால் எழுந்தால் என் நெஞ்சில் உட்கார்ந்திருந்த காலம் அது. அப்போதுதான் மறைமலைநகரில் ஒரு சின்னப் பட்டறையில் இவளைப் போன்ற பிள்ளைகளை பேக்கிங் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். ரப்பர் வாஷர்களை எண்ணிக் கவரில் போட வேண்டும். போய்ப் பார்த்தோம். என் மகள் வேகமாகவே போட்டாள். சூப்பர்வைசர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்: "கம்பெனி பஸ்ல தானா ஏறி எறங்கணும்மா. கூட ஆள் வரக் கூடாது. அது முடிஞ்சா எங்களுக்கு ஒண்ணும் பிரச்சினை இல்ல."

கம்பெனி பஸ்ஸின் முதல் படி உயரம். டவுன் பஸ்ஸை விட உயரம். மறுநாளே டெய்லர் டேப்பை எடுத்துக்கொண்டு போய், நின்றிருந்த பஸ்ஸின் படியை அளந்தேன். டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். "இன்னாம்மா, பஸ்ஸுக்கு ஜாக்கெட் தெக்கப் போறியா?" என்றார். அதே உயரத்தில் ஒரு மரப்படியும், பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பியும் வீட்டுக் கொல்லையில் அமைத்தேன். தச்சர் எதற்கென்று கேட்டார். பஸ் விடப் போகிறேன் என்றேன்.

படி ஏறுவதை நாம் யோசித்துச் செய்வதில்லை. அவள் யோசித்துத்தான் செய்ய வேண்டும். கம்பியை இறுகப் பிடிக்காமல் காலை வைத்தால் வயிற்றில் பலமில்லாமல் பின்னால் சாய்வாள். கால் முழுதாகப் பதியாமல் எம்பினால் முழங்காலுக்குக் கீழே படி விளிம்பில் இடிக்கும். கணைக்கால் முன்னெலும்பில் தோல் உரிந்து உரிந்து கருத்தே போனது. அவள் விழும் சத்தம் கேட்டால் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டுவார். பார்க்கச் சகிக்கவில்லையாம். எனக்கு மட்டும் சகித்ததா என்ன? மழைக்காலம் முழுவதும் கொல்லையில் அதே வேலையாகக் கிடந்தோம். பொங்கலுக்கு முன்னால் ஒரு காலையில் ஏறிவிட்டாள். ஏறி நின்று, கம்பியை விடாமல், தெரு முழுக்கக் கேட்கும்படி "ரைட்" என்று கத்தினாள். நான் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன்.

முதல் நாள் நிஜ பஸ்ஸிலும் ஏறினாள். பஸ்ஸில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். எல்லாம் சுற்று வட்டாரத்திலிருந்து காண்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள். கலகலவென்று பேசுகிறவர்கள். என் மகளுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தோழிகள் கிடைத்தார்கள் என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மண் விழுந்தது. அவள் ஏற நேரமாகும். கம்பி, கால், எம்பு என்று ஒவ்வொன்றாக வரும். டிரைவர் ஆரன் அடிப்பார். "டைம் ஆவுதும்மா, லேட்டானா எல்லாருக்கும் அரை நாள் சம்பளம் கட்டு" என்பார். அவர் சொன்னதும் பொய்யில்லை. ஒரு நாள் ஒருத்தி மேலிருந்து கையைப் பிடித்து இழுத்தாள். மறுநாள் இன்னொருத்தி கீழே இறங்கி வந்து இடுப்பில் கொடுத்துத் தள்ளினாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. பஸ் வந்து நின்றதும் இரண்டு பேர் இறங்குவார்கள். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, ஹோய் என்று தூக்கி உள்ளே வைப்பார்கள்.

"விடுங்கம்மா, அவளே ஏறுவா" என்றேன்.

"பாவம்க்கா, புள்ளைக்கு மூச்சு வாங்குது. நாங்கதான் கீறோம்ல?" என்றாள் அவர்களில் மூத்தவள். கூந்தல் நிறைய கனகாம்பரம் வைத்துக்கொண்டு வருவாள். என் மகளை "தங்கம், தங்கம்" என்றுதான் கூப்பிடுவாள்.

அவளிடம் நான் என்னவென்று சண்டை போடுவது? அடித்தாளா, திட்டினாளா? மத்தியானம் சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டாள். செருப்பு வாரை மாட்டிவிட்டாள். கவரில் வாஷர் போடுகிற வேலையைக்கூட, "நீ உக்காரு தங்கம்" என்று சொல்லிவிட்டு இவள் பங்கையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள். அன்பு என்று நினைத்தார்கள். பாதி அவசரம். அந்த அவசரத்துக்கு அன்பு என்று பெயர் வைத்தது வசதியாக இருந்தது, அவ்வளவுதான். இதைச் சொன்னால் நான் நன்றி கெட்டவள் என்பார்கள். சொல்லட்டும்.

வீட்டில் கொல்லைப் படியில் ஏறச் சொன்னால் மகள் சிரித்தாள். "அக்கா தூக்குவாங்க" என்றாள். அதட்டினால் தரையில் உட்கார்ந்துகொண்டாள். உடம்பு போட்டாள். சட்டைப் பொத்தானைப் போடாமல் என் முன்னால் வந்து நிற்க ஆரம்பித்தாள். ராத்திரி சாப்பாட்டில் தட்டைப் பார்ப்பாள், என் கையைப் பார்ப்பாள். நான் ஊட்ட மாட்டேன். தட்டு காயும்.

"சிரிச்சுக்கிட்டுப் போறா, சிரிச்சுக்கிட்டு வரா. அது போதாதா உனக்கு?" என்றார் கணவர்.

"போதாது" என்றேன்.

பட்டறையில் ஆர்டர் குறைந்தது. காண்ட்ராக்ட் பெண்களை ஒரே வாரத்தில் நிறுத்திவிட்டார்கள். பக்கத்துக் கம்பெனி ஆட்கள் வரும் பஸ்ஸிலேயே மீதிப் பேரையும் ஏற்றினார்கள்; டிரைவரும் மாறினார். திங்கட்கிழமை காலையில் எப்போதும் போல இருவரும் ஸ்டாப்பில் நின்றோம். பஸ் வந்தது. உள்ளே முழுக்கப் புது முகங்கள். பாதிப் பேர் தூக்கத்தில் இருந்தார்கள், மீதிப் பேர் செல்போனில்.

என் மகள் படிக்கு முன்னால் போய் நின்றாள். கம்பி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு, தூக்கச் சொல்லும் கைக்குழந்தை போல, சிரித்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வயதுப் பெண்.

"ஏறு" என்றேன்.

கையை இறக்கவில்லை.

"இன்னாம்மா, ஏறுதா இல்லியா?" என்றார் டிரைவர். "நீயே தூக்கி வுடேன்."

தூக்கியிருக்கலாம். இங்கே நான் தூக்கிவிட்டால் மறைமலைநகரில் யார் இறக்குவது? சாயங்காலம் யார் ஏற்றுவது? நான் செத்த பிறகு யார்? புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, அசையாமல் நின்றேன். பஸ் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை இறக்கி, "அக்கா வரல" என்றாள். அந்த வாரம் முழுவதும் இதே கதை. வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் போன் செய்து, கொஞ்ச நாள் வீட்டிலேயே ரெஸ்ட் எடுக்கட்டும் என்றார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை.

மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அவளுக்குக் கனத்த உடம்பு, வலிக்கிற முழங்கால். இப்போது சின்னப் பிள்ளையும் இல்லை. மாட்டேன் என்று சொல்லக் கற்றிருந்தாள். அதை மட்டும் யாரும் அவளிடமிருந்து பிடுங்கவில்லை. ஒரு வருஷத்தில் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே முனகினாள்.

சில வருஷம் கழித்து மார்க்கெட்டில் அந்தக் கனகாம்பரக்காரியைப் பார்த்தேன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, தங்கம் எப்டி கீது? இன்னும் வேலைக்குப் போவுதா?" கண்ணில் நிஜமாகவே தண்ணீர். பார்த்தே ஆக வேண்டும் என்று வாழைப்பழம் வாங்கிக்கொண்டு கூடவே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

என் மகள் டிவிக்கு முன்னால் நாற்காலியில் இருந்தாள். இவளைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. எழுந்திருக்கப் பார்க்கவில்லை. இரண்டு கைகளையும் தூக்கினாள்.

"பாத்தியாக்கா, என்ன மறக்கவே இல்ல!" என்று வந்தவள் அழுதாள். பழத்தைக் கீழே வைத்துவிட்டு, என் மகளின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். முடியவில்லை. இன்னொரு முறை முயன்றாள். "அம்மாடி, இன்னா கனம்!" என்று சிரித்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"எக்கா, நீ ஒரு பக்கம் புடி."

என் மகள் கையைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தாள். நான் போய் இன்னொரு பக்கம் பிடித்தேன்.