வளையல் கையோடு ஒரு கைது

டிவி போலீசுக்கு மேலதிகாரி என்று யாரும் கிடையாது, ரேட்டிங் ஒன்றுதான். மதுரையில் எடுத்த போலீஸ் சீரியலில் நான் இன்ஸ்பெக்டராக நடித்தேன். ஓடி ஓய்ந்த சீரியல்களின் சக பாவப்பட்ட ஜீவன்களே, என் கதையையும் கேளுங்கள்.

இடமாற்றம்

ரேட்டிங் இறங்கியதும் இரவு ஒன்பது மணியிலிருந்து எங்களை மதியம் இரண்டு மணிக்குத் தூக்கியடித்தார்கள். பசுமலையில் எங்கள் தெருப் பூக்காரம்மாவிடம், "இப்பவும் பாக்குறீங்களா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"பாக்காம? நீங்க வந்ததும் அப்படியே அசந்துர்றேன் மேடம். அம்புட்டு நல்லாத் தூக்கம் வருது!"

தோசை டூட்டி

பெண்கள் பார்க்கும் நேரம் என்று சொல்லி எனக்கு மாமியார், கொழுந்தன் எல்லாம் சேர்த்தார்கள். அதுவரை நான் துப்பறிந்துவந்த செங்கல் சூளை முதலாளியின் கொலை வழக்கு அப்படியே நின்றது. நான் காக்கிச் சட்டையோடு தோசை சுட்டேன்.

ஒருநாள் கீழக்குயில்குடியில் படப்பிடிப்பு. மலையடிவாரத்தில் ஆடு மேய்த்த ஒரு பெண் நேராக என்னிடம் வந்தார்.

"ஏத்தா, மொதலாளியக் கொன்னது ஒன் கொழுந்தன்தான்னு ஊருக்கே தெரியும். அவனுக்கே தெனமும் தோசை சுட்டுப் போடுறியே, நீயெல்லாம் என்ன இன்ஸ்பெக்டரு?"

எனக்கு உண்மையிலேயே மானம் போனது. அவனைப் பிடிக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு கட்டினேன்.

டைரக்டரின் சமாதானம்

தினமும் டைரக்டரை நச்சரித்தேன். "அண்ணே, எப்ப அரெஸ்ட்?"

"அவன் எங்கம்மா ஓடிரப் போறான்? மொதல்ல ஒனக்கு வளைகாப்பு முடியட்டும்!"

கடைசி நாள்

வளைகாப்புக் காட்சி அன்று காலையில் சேனலிலிருந்து போன் வந்தது. சீரியல் நிறுத்தம். இன்று எடுப்பதுதான் கடைசி. எல்லோரும் சிரித்தபடி நின்றால் 'சுபம்' போட்டுவிடலாம் என்றார் டைரக்டர்.

அழுகை வந்தது. அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது. கன்னத்தில் சந்தனத்தோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். "அரெஸ்ட் எடுக்காம எந்திரிக்க மாட்டேன்ணே."

சாயங்காலமாகி வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "சரி, ஒரே டேக்தான்" என்றார். வளைகாப்புக்கு யார் கைவிலங்கு கொண்டுவருவார்கள்? சவுண்ட் தம்பி வேறு, வளையல் சத்தத்தில் வசனம் கேட்காது, கழற்றுங்கள் என்றான். வசனமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பந்தியில் உட்கார்ந்திருந்த கொழுந்தனின் கையை முறுக்கித் தூக்கினேன். வளையல் நாலைந்து உடைந்தது. நான் விடவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் என் காதோரம் கெஞ்சினான்.

"யக்கா, நெசமாவே வலிக்குது. கட் சொல்லச் சொல்லுங்க!"

ரேட்டிங் என்னை வீட்டுக்கு அனுப்பியது உண்மைதான், ஆனால் கொழுந்தனை ஜெயிலுக்கு அனுப்பிவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போனேன்.