சாயங்காலப் பூசை

எங்கள் தோப்பு மாங்காயை வாங்கும் பழக்கூழ் ஃபேக்டரியில் அவர் மேனேஜர். ஒல்லியான ஆள். எடையில் ஒரு கிலோ எங்களுக்குக் குறைந்துபோனாலும் ஆளனுப்பிக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார். அவர் காரில் எப்போதும் துவைத்து மடித்த பழைய போர்வை ஒன்று இருக்கும். ரோட்டில் யார் அடிபட்டுக் கிடந்தாலும் ஏற்றிக்கொண்டு போவதற்காக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாப்பிரெட்டிப்பட்டி ரோட்டில் என் அப்பா மொபெட்டிலிருந்து விழுந்து மண்டை உடைந்துவிட்டது. பின்னால் வந்த நான் ஏதாவது வண்டிக்குக் கைநீட்டுவதற்குள் அந்தக் கார் வந்து நின்றது. உள்ளே பட்டுப்புடவையில் அவர் மனைவி, வெள்ளை கவுனும் தலையில் பூமுடியுமாக மகள். அந்தம்மா போர்வையை விரித்தார்.

"அண்ணா, இன்னிக்கு எனக்குப் புதுநன்மை," என்றது பாப்பா. மாதா கோயில் பூசையில் முதன்முதலாக அப்பம் வாங்கும் நாளாம்.

அரூர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டு முடியும்வரை மூவரும் எங்களோடு இருந்தார்கள்.

"பாப்பாவுக்கு நேரமாவுதுங்களே, நீங்க கெளம்புங்க," என்றேன்.

"பூசை சாயங்காலந்தானுங்க," என்றார் மேனேஜர்.

மகள் சட்டென்று நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு கவுனில் இருந்த ரத்தக்கறையைக் கையால் மூடிக்கொண்டாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அங்கே தனியாக இருக்கப் பயம். மறுபடி 'கெளம்புங்க' என்று நான் சொல்லவில்லை.

அப்பா இப்போது நன்றாக இருக்கிறார். போன வாரம் திடீரென்று கேட்டார்.

"ஏன்டா, அந்தப் பாப்பா அன்னிக்குக் கோயிலுக்குப் போச்சா?"

"போச்சுப்பா," என்றேன். "பூசை சாயங்காலந்தானே."