புறங்கையால் சூடு பார்த்தவர்

திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் அவர். பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. ஒல்லியான ஆள், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. எந்த மெஷின் வந்தாலும், காய்ச்சல் பார்ப்பதுபோல் முதலில் அதன் அடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.

என் பாவா, அதாவது அக்கா வீட்டுக்காரர், புதிதாக ஓ.எஸ். போட்டுக் கொடுத்த நாளிலிருந்து என் லேப்டாப் கொதித்தது. ஃபேன் ஓயாமல் இரைந்தது.

"நீங்க எதையும் தொறக்கவே இல்ல, அப்புறம் ஏன் சுடுது?" என்றபடி திரையை என் பக்கம் திருப்பினார். பெயர் புரியாத ஏதோ ஒன்று உள்ளே முழுமூச்சாக ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்குத் தெரியாம வேற யாரோ நெட் வழியா இதுல வேல வாங்கிகினு இருக்காங்க. ஓ.எஸ். யாரு போட்டது?"

"எங்க பாவாதான்."

திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஆங், நெட்ல எடுத்த ஓசி ஓ.எஸ். காப்பியோட ஒட்டிகினு வந்திருக்கும். அவருக்கே தெரியாம இருக்கலாம்."

"தெரிஞ்சிருந்தா?"

"அத நீங்கதான் கேக்கணும். ஆனா ஒருதரம் கேட்டுட்டா, கேக்காத மாதிரி இருக்க முடியாதுங்க."

எல்லாவற்றையும் அழித்துவிட்டு வேறு ஓ.எஸ். போட்டுக் கொடுத்தார். அதன்பிறகு சூடு இல்லை. பாவாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. போன வாரம் வீட்டுக்கு வந்த பாவா, மெயில் பார்க்க லேப்டாப்பைக் கேட்டார். சார்ஜ் இல்லை என்று பொய் சொல்லிவிட்டேன்.

அந்தக் கடைக்காரர் எனக்கு நல்லதுதான் செய்தாரா என்று இன்னும் தெரியவில்லை.