தில்லி பாதுஷாவைச் சுற்றியிருந்த மூங்கில் வேலி

ஜனவரியில் என் வீட்டுக்காரர் தவறினார். எங்கள் ஊர் கியாக்தானில், கல்லறைத் தோட்டத்தில் மரச்சிலுவை மட்டும் வைத்திருந்தோம். மழைக்கு முன்னால் சமாதி கட்டிவிட வேண்டும் என்று நான். “அப்பா எங்கேம்மா எழுந்து போகப் போறாரு, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று மகன். மே மாதம் பாதி போய்விட்டது. வீட்டில் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

நகரத்தில், போட்டாதாங் பக்கம் வேலை செய்யும் பேத்தி ஸ்டெல்லா, ஞாயிற்றுக்கிழமை வா, ஊர் சுற்றலாம் என்றாள். இன்ஜினியர் அவள், எங்கள் வீட்டில் கட்டடம் கட்டப் படித்த முதல் ஆள். காலை ஆறரைக்கு பஸ் ஏறி, ஒன்றரை மணி நேரத்தில் அவளிடம் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்து டாக்சி, பர்மாப் பணம் பத்தாயிரம் கியாட். ஷ்வேடகோன் பகோடா பக்கமே இருக்கிறது, வெள்ளைக்காரன் நாடு கடத்தி இங்கே கொண்டுவந்த தில்லியின் கடைசி பாதுஷா தர்கா.

அரண்மனை மாதிரி எதிர்பார்த்துப் போகாதீர்கள். மேல் கூடத்தில் பச்சைப் பட்டு போர்த்திய மூன்று சமாதிகள். அவருடையது என்று ஜனங்கள் வருஷக்கணக்காகக் கும்பிட்டது அங்கேதான். அசல் சமாதி கீழே, படியிறங்கிப் போக வேண்டும். சாக்கடைக்குத் தோண்டியபோது மூன்றரை அடி ஆழத்தில் அகப்பட்டதாம். வாசலில் இருந்த பழைய கல்லை ஸ்டெல்லா படித்துச் சொன்னாள்: அவரை ‘இந்த இடத்துக்கு அருகே’ புதைத்திருக்கிறதாம். ராஜாவுக்கே அருகேதானா?

அங்கே இருந்த பாய் நன்றாகத் தமிழ் பேசினார். வெள்ளைக்காரன் புதைத்த கையோடு தரையைச் சமமாக்கிப் புல் பதித்தானாம். சுற்றிலும் மூங்கில் வேலி போட்டானாம்.

“வேலி எதுக்குப் பாய், காவலுக்கா?”

“இல்லம்மா. வேலி மக்குறதுக்குள்ள புல்லு மூடிரும், இடமே தெரியாதுன்னு கணக்கு. உள்ள செங்கல் வச்சிருந்ததாலதான் இவரு தப்பிச்சாரு.”

மாடு மிதிக்காமல் இருக்க என் மகன் அப்பாவைச் சுற்றிப் போட்டிருப்பதும் மூங்கில் வேலிதான். பாசத்தில்தான் போட்டான். மூங்கிலுக்கு அது தெரியுமா?

அங்கிருந்தே மகனுக்குப் போன் போட்டேன். “சிலுவை சாஞ்சு போனா, அப்பா எதுன்னு காட்டுவியா?”

“தெரியும்மா. கிணத்துப் பக்கத்து வரிசையில மூணாவது. இல்ல, நாலாவது.”

“அஞ்சாவது” என்றேன்.

ஸ்டெல்லா, மீன் குழம்பில் நூடுல்ஸ் போட்ட மோஹிங்கா சாப்பிடக் கூப்பிட்டாள். எனக்கு இறங்காது என்று பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். நீங்கள் அப்படிப் போகாதீர்கள், நிதானமாகப் பாருங்கள். காலையில் போனால் கூட்டமில்லை. செருப்பைக் கழற்ற வேண்டும், பெண்கள் தலைக்கு முக்காடு கொண்டு போங்கள். டிக்கெட் கிடையாது, உண்டியலில் மனசுக்குத் தோன்றியதைப் போடலாம். மேலே கும்பிட்டுத் திரும்பிவிடாமல் கீழே இறங்கிப் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை மகனே செங்கல் வண்டியோடு வந்தான். ஸ்டெல்லா போனிலேயே அளவு சொன்னாள். பாதி வேலையில் மழை பிடித்துக்கொண்டது. ஆனாலும் மண்ணுக்கு மேலே ஒரு அடி எழுப்பிவிட்டோம். இனிமேல் புல் முளைத்தால் முளைக்கட்டும்.