சாயக் கால்வாயில் தவளை எண்ணியவர்

பத்மாவதி டீச்சர் மாரடைப்பில் போய்விட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை எங்கள் பள்ளி வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. அதற்குக் கீழே முதல் ஆளாகத் தாளாளர், 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சர் நடத்திய கோடை முகாமை இழுத்து மூடியதே அவர்தான்.

சேவூர்க்காரர்களான உங்களில் பலர் பிள்ளைகளை அந்த முகாமுக்கு அனுப்பியவர்கள். மே மாதமானால் நம் ஊரில் அபாகஸ், கராத்தே என்று ஆளுக்கொரு பலகை மாட்டுவார்கள். டீச்சர் பல்லுயிர்ப் பாதுகாப்பு என்றதும், புலிப் படம் காட்டுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரோ பிள்ளைகளோடு, கணக்கு வாத்தியாரான என்னையும் சேர்த்து ஏரிக் கால்வாய்க்கு ஓட்டிக்கொண்டு போனார். "புலிய அப்புறம் காப்பாத்தலாம். மொதல்ல நம்ம ஊர்ல எத்தினி தவளை கீதுன்னு எண்ணுங்க" என்றார்.

கோடை மழை பெய்திருந்த வாரம் அது. தண்ணீரின் நிறத்தையும் எழுதச் சொன்னார். பட்டுத் தறி வீட்டுப் பிள்ளைகள் அல்லவா, சிவப்பு, நீலம் என்று எழுதவில்லை. திங்கள் அரக்கு, செவ்வாய் மாம்பழ மஞ்சள், புதன் மயில் கழுத்து என்று புடவை நிறமாகவே எழுதினார்கள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். சாயப் பட்டறைகள் கழிவுநீரை விடும் இடத்துக்கு மேலே கால்வாயில் தவளைகள் இருந்தன. கீழே எந்த நாளும் ஒன்றுகூட இல்லை.

கடைசி நாள் பெற்றோரும் தாளாளரும் பார்க்க அந்தத் தாள்களைப் பள்ளிச் சுவரில் ஒட்டினார். வந்தது வினை. எந்த நிறத்தை எந்தக் கிழமை யார் பட்டறையில் போட்டார்கள் என்று ஊருக்குத் தெரியாதா என்ன?

"பூச்சி பேரு கத்துக்குடுங்கன்னா, எங்க பொழப்ப எழுதிகினு இருக்காங்க! பேஜாராப் போச்சுங்க" என்று ஒரு பட்டறைக்காரர் கத்தினார்.

"நானும் தறி வீட்டுப் பொண்ணுதாங்க. சாயம் போடாதீங்கன்னா சொன்னேன்? தண்ணிய சுத்தம் பண்ணி விடுங்கன்றேன்" என்றார் டீச்சர்.

தாளாளர் என்னிடம் திரும்பினார். "கூடப் போனீங்களே சார், பசங்க சரியா எண்ணினாங்களா?"

"சரியாச் சொல்ல முடியாதுங்க" என்றேன். வேலை போய்விடுமோ என்று பயம். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் பொய்க் கணக்கு என்று சொல்லி, அடுத்த ஆண்டு முதல் முகாமையே நிறுத்தினார்கள்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் டீச்சர் என்னிடம் சொன்னார்: "என்னை விடுங்க சார். பசங்கள பொய்யர்களா ஆக்கிட்டீங்களே."

அவர் சொன்னவற்றில் என்னிடம் தங்கியிருப்பது இதுதான். தாளாளர் மீது கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை? அந்தப் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள் என்பதால் என் தவறை மறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் சரியாகத்தான் எண்ணினீர்கள். பக்கத்தில் நின்று நானும் எண்ணினேன்.