பதினொரு மணிச் சொட்டு

என் மனைவிக்குக் குடிநீர் வாரிய அலுவலகத்தில் வேலை, புகார் கவுன்ட்டரில். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, குழாயில் தண்ணீர் வராதவர்களெல்லாம் வந்து அவள் முகத்தைப் பார்த்துக் கத்துவார்கள். அவள் எழுதிக்கொள்வாள்.

கண் பவர் மைனஸ் ஒன்பது. ஏழு வருடமாகக் கான்டாக்ட் லென்ஸ். கூடவே கண் வறட்சி. அந்த லென்ஸுக்கு நடக்கும் உபசாரத்தில் கால்வாசிகூட இந்த வீட்டில் எனக்கு நடந்ததில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவி, நூல் உதிராத துண்டில் துடைத்து, வாஷ்பேசின் துளையை அடைத்துவிட்டுத்தான் தொடுவாள். கழற்றியதும் தேய்த்து அலசி, தினமும் புதுத் திரவத்தில் ஊறவைப்பாள். ஒருமுறை டப்பாவில் திரவம் குறைகிறதே என்று நல்லெண்ணத்தில் குழாய்த் தண்ணீர் விட்டு நிரப்பினேன். அந்த ஜோடி குப்பைக்குப் போனது. மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லை.

அலுவலகத்தில் தலைக்கு மேலேயே ஏசி. அதனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, லென்ஸோடு விடுகிற சொட்டு மருந்து. அவளுக்குத் தாராளக் கை; பாதி கன்னத்தில் வழியும். ஒருநாள் பதினொரு மணிக்குச் சொட்டு விட்டு நிமிர்ந்தபோது, எதிரே மேஜையைத் தட்டிக்கொண்டிருந்த ஆள் அப்படியே அடங்கிப்போனார். "ஐயோ, அழாதீங்கம்மா. தண்ணி மெதுவாவே வரட்டும்" என்று மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மேனேஜர் கெட்டிக்காரர். அன்றிலிருந்து வரிசையில் யாராவது குரலை உயர்த்தினால் உள்ளேயிருந்து சைகை காட்டுவார். இவள் சொட்டு விட வேண்டும். ஒரே மாதத்தில் புகார் பாதியாகக் குறைந்தது. தண்ணீர் மட்டும் வந்தபாடில்லை. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது, அவருக்கு.

அவள் வந்து சொன்னபோது நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். அதன்பின் வீட்டில் எதற்காவது அவள் கண் கலங்கினால், "சொட்டா?" என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

போன வாரம் ஒருநாள் மாலை வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். இரண்டு கன்னமும் ஈரம். நான் பேப்பரைக் கீழே வைக்காமலே, "இன்னிக்கு ஏகப்பட்ட சொட்டு போல" என்றேன்.

"மருந்து நேத்தே தீந்துபோச்சு" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். பழைய தடிக் கண்ணாடி போட்டிருந்தாள். வலது கண் செக்கச்செவேல் என்றிருந்தது.

"கருவிழியில கீறலாம். ரெண்டு வாரத்துக்குள்ள லென்ஸைத் தொட்டா பார்வைக்கே ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரு. மேனேஜர்கிட்ட போய்ச் சொன்னேன். ஆய்வு வருதாம், லென்ஸோடதான் வரணுமாம். கண்ணாடி போட்டா கண்ணீர் எடுபடாதாம். எனக்கு அழுகையே வந்துடுச்சு. 'எங்கிட்டயேவா சொட்டு போட்டுக் காட்டற?'ன்னு சிரிக்கிறாரு."

எனக்கு வெட்கமாகிவிட்டது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நாளைக்கு நான் வந்து அந்தாளுகிட்ட பேசறேன்" என்றேன்.

"என்னன்னு பேசுவீங்க? எம் பொண்டாட்டி நிஜமாவே அழுதான்னா?"



மறுநாள் கண்ணாடியோடுதான் போனாள். மேனேஜர் சைகை காட்டியிருக்கிறார். இவள் அவரை நேராகப் பார்த்தபடியே அடுத்த புகாரை எழுதியிருக்கிறாள். அன்று ஒரே நாளில் நாற்பத்தேழு புகார்.

வீட்டுக்கு வந்ததும், "கண் எப்படியிருக்கு?" என்று கேட்டேன். லென்ஸ் போட ஆரம்பித்த ஏழு வருடத்தில் நான் இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை என்று அவள்தான் சொன்னாள்.